நான் வெட்டி எடுத்த வரிகள்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு முதல் கண்டெய்னர் லாரி எடை மேடையில் ஏறி நின்றது. ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் எடைப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, ஓரிடத்தில் நின்றன. என் கணினியில் மட்டும் பூஜ்யம். இரண்டையும் இணைக்கிற கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பூஜ்யம். கணினியை அணைத்துப் போட்டேன். அப்போதும் பூஜ்யம்தான். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற ஏற்றுமதிப் பெட்டிகளை நிரப்பி, எடை போட்டு அனுப்புகிற யார்டு ஒன்றில் எனக்கு வேலை. எடைச் சீட்டு இல்லாமல் துறைமுக வாசலில் ஒரு பெட்டியும் உள்ளே போகாது. அதுவும் கணினியில் வந்த சீட்டாக இருக்க வேண்டும்; பேனாவில் எழுதிக் கொடுத்தால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அன்றைக்குத் தேங்காய்த் தும்புக் கழிவை அழுத்திச் செய்த கட்டிகள் ஏற்றிய நாலு பெட்டிகள் போக வேண்டியிருந்தது. கப்பலுக்கான கட் ஆஃப், அதாவது துறைமுகம் பெட்டி வாங்குகிற கடைசி நேரம், மாலை நாலு மணி. துறைமுகச் சாலையில் வரிசை நிற்பதைக் கணக்குப் பார்த்தால், இரண்டரைக்குள் எங்கள் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

அந்தக் கணினியில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டது நான்தான். அதற்கு முன்பு இருந்ததை வருஷத்துக்கு இரண்டு தடவை வைரஸ் தின்றுவிடும். அதை விற்றவர் எங்கள் முதலாளி அண்ணாச்சியின் மச்சினன்; டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். நான் லினக்ஸ் என்று வாயைத் திறந்த நாளிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. "ஓசில கெடைக்க சாமான நம்பியா அத்தான் கப்பலுக்குச் சரக்கு அனுப்பப் போறிய?" என்று என் முன்னாலேயே கேட்டார். அண்ணாச்சி, "பிள்ள இவ்வளவு சொல்லுதுல்லா, பாப்போம்" என்று முடித்துவிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்று மட்டும் சொன்னார். "ஏளா, நல்லா ஓடிட்டு இருக்கையில எங்கிட்டக் கேக்காம ஒண்ணையும் தொடக் கூடாது, ஆமா."

இது சரிப்படாது என்று ஆகிவிட்டால் நான் எங்கே போவேன் என்பதும் எனக்குத் தெரியும். பழையபடி சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு. நாலு வருஷம் அங்கே நின்று தும்புக் கட்டுகளை எண்ணியிருக்கிறேன். அந்தத் தூசி எனக்கு ஆகாது. இரைப்பு வந்து, ஒருநாள் பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுத்துக் கிடந்தேன். எடை மேடை கேபினுக்குக் கதவு உண்டு, ஃபேன் உண்டு. ஒரு மூச்சை முழுதாக இழுத்து விடலாம். அந்த நாற்காலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்திருக்கலாம். ஒரே ஒரு பெட்டி இறக்க வேண்டியிருந்ததால் வந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, மாற்றிக்கொள் என்று திரையின் ஓரத்தில் மூன்று வாரமாக ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. அழுத்திவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் மாறி, திரை புத்தம் புதிதாக வந்தது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எடை வருகிறதா என்று பார்க்க, மேடையில் ஏற்ற அங்கே லாரி ஒன்றும் இல்லை.

எட்டரைக்குள் நாலு லாரிகளும் வரிசையில் நின்றுவிட்டன. முதல் லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "யக்கா, என்ன, சீட்டு வரலியா?" என்றார். "சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நாட்டில் எவ்வளவோ நேரத்தை வாங்கிவிடலாம்.

எனக்கு ஒரே ஒரு போக்கிடம்தான் இருந்தது. லினக்ஸ் பயன்படுத்துகிற தமிழர்களுக்கென்று ஒரு மடற்குழு உண்டு. ஒருவர் மின்னஞ்சல் எழுதினால் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் போகும். தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். எழுதியதெல்லாம் இணையத்தில் காலாகாலத்துக்கும் கிடக்கும். இரண்டு வருஷமாக நான் அதில் ஊமையாக இருந்தேன். படிப்பேன், எழுத மாட்டேன். கேள்வி கேட்க அங்கே முறைகள் உண்டு. தலைப்பிலேயே சிக்கல் இன்னதென்று தெரிய வேண்டும். அவசரம் என்று கத்தக் கூடாது. திரையைப் படம் பிடித்து அனுப்பக் கூடாது. கடைசியாக என்ன செய்தாய் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிதாக வந்து இதையெல்லாம் மீறுகிறவர்களைப் பார்த்து, 'படிக்காமலே வந்துவிடுகிறார்கள்' என்று நானே உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

என் முறை வந்தபோது என்ன எழுதினேன் தெரியுமா? தலைப்பு: 'அவசரம்!!! உடனே உதவவும்!!!' மூன்று மூன்று ஆச்சரியக்குறி. 'பெருமதிப்பிற்குரிய ஐயாமார்களுக்குப் பணிவான வணக்கம்' என்று தொடங்கி, யார்டு, கப்பல், கட் ஆஃப் என்று ஒரு பக்கத்துக்குப் புலம்பினேன். போன் நம்பரைப் போட்டு, தயவுசெய்து கூப்பிடுங்கள் என்றேன். போனில் திரையைப் படம் பிடித்து இரண்டு படங்களை இணைத்தேன். கடைசியில் ஒரு வரி: 'நான் எதையும் தொடவில்லை. தானாகவே நின்றுவிட்டது.'

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் யார்டில் தப்பு என்பதை யாரும் எழுத்தில் வைக்க மாட்டார்கள். பெட்டியின் கதவு நசுங்கியிருந்தாலும், சீல் மாறிப் போயிருந்தாலும், எல்லாம் ஒரு போனில் பேசி முடித்துக்கொள்கிற விஷயம். "நான் ஒண்ணும் பண்ணல, வரும்போதே அப்படித்தான் கெடந்துச்சு" என்பதுதான் கிட்டங்கி ஆள் முதல் மேனேஜர் வரை எல்லோருடைய முதல் பேச்சு. எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வாய் என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அங்கே எல்லோரும் கற்றுக்கொள்வது. நானும் நன்றாகவே கற்றிருந்தேன். படங்களில்கூட, புதிய பதிப்பின் எண் தெரிகிற மேல் பகுதி வராதபடி பார்த்துத்தான் எடுத்திருந்தேன்.

முதல் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. யாரோ ஒருவர், குழு விதிமுறைகளின் இணைப்பை மட்டும் போட்டிருந்தார். ஒரு வணக்கம்கூட இல்லை. முகத்தில் அடித்தது போல் இருந்தது. அடுத்த பதில், குழுவில் அடிக்கடி எழுதுகிற ஒருவரிடமிருந்து. அவர் எழுத்து எனக்குப் பழக்கம். சுற்றி வளைக்க மாட்டார். எண் போட்டு எழுதுவார். 'ஒன்று: கடைசியாக வேலை செய்ததற்கும் இப்போதைக்கும் இடையில் என்ன மாறியது? இரண்டு: கேபிளைச் செருகியதும் கணினி எழுதும் பதிவை முழுதாக, எழுத்தாக அனுப்புங்கள். படம் வேண்டாம்.'

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. படம் பளிச்சென்று இருக்கிறது. ஒரு தடவை திறந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும் இவருக்கு? இங்கே நாலு லாரி நிற்கிறது, இவர் சட்டம் பேசுகிறார் என்று பல்லைக் கடித்தேன்.

அதற்குள் போன். அண்ணாச்சி. ஏரலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "என்னளா, சீட்டு வந்துட்டா?"

"இந்தா வருது அண்ணாச்சி."

போனை வைத்ததும் பதிவை எழுத்தாகவே எடுத்தேன். ஆனால் முழுதாக அனுப்ப மனம் வரவில்லை. பதிப்பு எண் வருகிற வரிகளை வெட்டினேன். நேற்றைய தேதி தெரிகிற வரிகளையும் வெட்டினேன். எதற்கு வம்பு என்று, எனக்குப் புரியாத நாலைந்து வரிகளையும் சேர்த்து வெட்டினேன். 'எதுவும் மாறவில்லை ஐயா' என்று மறுபடியும் எழுதி அனுப்பினேன்.

பதினொன்றரைக்கு அவருடைய பதில் வந்தது. 'நீங்கள் அனுப்பியதில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு நேர எண் இருக்கிறது. அந்த எண்கள் ஐந்து இடத்தில் தாவுகின்றன. வரிகளை எடுத்திருக்கிறீர்கள். எடுத்ததில்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் ஊகத்தில் நான் எதையாவது செய்யச் சொல்லி, உங்கள் தரவு போய்விட்டால் அது தவறு.'

படித்ததும் காது இரண்டும் சூடானது. கேபினில் யாரும் இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். ஒரு திருட்டை இத்தனை பொறுமையாக யாரும் என்னிடம் சுட்டிக்காட்டியது கிடையாது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் பைக்கில் வந்து இறங்கினார். லாரி வரிசையைப் பார்த்திருக்கிறார். கேபின் கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன, ஓசிச் சாமான் மண்டயப் போட்டுட்டா?" என்றார்.

"அதெல்லாம் இல்ல. கேபிள் லூஸு."

"மூணு மணிக்கு நான் ஃப்ரீதான். நம்ம சாஃப்ட்வேரக் கொண்டாந்து போட்டு விட்டுருதேன். அத்தான்ட்டயும் சொல்லிருதேன், என்ன?" சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு இறுகிவிட்டது. தூசி ஒன்றும் இல்லை, ஆனாலும் இறுகியது.

உண்மையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் குழுவில் அல்ல. அந்த மனிதருக்கு மட்டும் தனி மடல் எழுதினேன். 'ஐயா, உங்களை என் சொந்த அண்ணனாக நினைத்துச் சொல்கிறேன். நேற்று நான்தான் புதிய பதிப்புக்கு மாற்றினேன். இது வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். தயவுசெய்து இதை நம்மோடு வைத்துக்கொண்டு எனக்கு வழி சொல்லுங்கள்.' எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்டால் கல்லும் கரையும்.

அவர் கரையவில்லை. 'இதைக் குழுவில் எழுதுங்கள். நான் அங்கே மட்டும்தான் பதில் சொல்வேன். நான் தவறாகச் சொன்னால் திருத்த அங்கே ஆள் இருக்கிறது. இங்கே உங்களுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.'

மணி பன்னிரண்டே முக்கால். அண்ணாச்சி இரண்டாவது தடவை கூப்பிட்டார். "நாலு வண்டியும் கெளம்பிட்டா?" "இந்தா வருது அண்ணாச்சி, ஒண்ணொண்ணா வருது." ஒன்றுகூட வரவில்லை. வெளியே டிரைவர்கள் ஹாரன் அடிப்பதைக்கூட விட்டுவிட்டு, லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த அமைதிதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

பக்கத்து யார்டு எடை மேடைக்கு அனுப்பலாம். அதற்கு அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டால் ஏன் என்பார். மச்சினனைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் அத்தோடு என் கதை முடிந்தது. குழுவில் எழுதினால், என் பெயரைப் போட்டுத் தேடுகிற எவனுக்கும் நாளைக்கே தெரியும். பத்து வருஷம் கழித்தும் தெரியும். மச்சினனுக்குத் தேடத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிட்டங்கிதான் தெரிந்தது. ஆனால் அண்ணாச்சியிடம் கேட்க வாய் வரவில்லை; மச்சினன் வருவதற்குள் நேரம் தாண்டிவிடும், நாற்காலியும் கையை விட்டுப் போகும். குழுவில் எழுதினால் பெட்டியாவது துறைமுகம் போகும்.

எழுதினேன். இந்த முறை ஆச்சரியக்குறி இல்லை, ஐயாமார்கள் இல்லை. 'நேற்று மாலை நான் புதிய பதிப்புக்கு மாற்றினேன். முதலாளியிடம் கேட்காமல் செய்தேன். எதையும் தொடவில்லை என்று இரண்டு முறை எழுதியது பொய். வெட்டிய வரிகளோடு முழுப் பதிவும் கீழே.' அனுப்பு என்பதை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

எட்டாவது நிமிடம் பதில் வந்தது. புதிய பதிப்போடு ஒரு நிரல் தானாகச் சேர்ந்து வந்திருக்கிறது. பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் கருவிக்கான நிரல் அது. எங்கள் எடைப் பெட்டியையும் கணினியையும் இணைக்கிற கேபிளுக்குள் இருக்கிற மின்னணுச் சில்லும், ஒருவகை பிரெய்ல் கருவிக்குள் இருக்கிற சில்லும் ஒரே அடையாள எண் கொண்டவை. அதனால் அந்த நிரல் எங்கள் கேபிளைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிரலை நீக்கிவிட்டு, கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். அவ்வளவுதான். எந்த வரி அதைச் சொல்லுகிறது என்றும் எடுத்துக் காட்டியிருந்தார். புரியவில்லை, எதற்கு வம்பு என்று நான் வெட்டினேனே, அதில் ஒன்று.

நீக்கினேன். செருகினேன். திரையில் பூஜ்யம் அசைந்து எண்கள் ஓடின. நான் சத்தமாக அழுதேன். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். இரண்டு மணிக்குள் நாலு சீட்டுகளும் வந்தன. கடைசி லாரி இரண்டே காலுக்கு வாசலைத் தாண்டியது. அண்ணாச்சி மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, "எல்லாம் போயாச்சு அண்ணாச்சி" என்றேன். "சீட்டு காலைலயே வந்துட்டுல்லா?" என்றார். "ஆமா" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அபாயம் நீங்கிய பிறகும் வாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் குழுவுக்கு நன்றி எழுதினேன். எழுதியவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'யாருக்கும் தேவைப்படாத இந்தத் தண்டத்தை ஏன் எல்லார் தலையிலும் கட்டுகிறார்கள்? ஒரு நாள் முழுக்க என் உயிரை வாங்கிவிட்டது' என்று ஒரு வரியைச் சேர்த்தேன்.

சாயங்காலம் அவருடைய பதிலைப் பார்த்தேன். 'தலைப்பில் தீர்ந்தது என்று சேர்த்துவிடுங்கள். கேபிள் விவரத்தை நிரலை எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள், அவர்கள் சரிசெய்வார்கள். அந்த நிரல் எனக்குத் தேவைப்படுகிறது. இன்று நீங்கள் எழுதிய மடல்களை எல்லாம் நான் அதை வைத்துத்தான் படித்தேன்.'

என் படங்களை அவர் ஏன் வேண்டாம் என்றார், தாவுகிற எண்களை எப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார் என்றெல்லாம் தனித்தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கூச்சத்தில் உடம்பு சிறுத்துப் போனது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்கு அவர் பதில் போடவில்லை. மறுநாள் வேறு யாரோ பிரிண்டர் ஓடவில்லை என்று கேட்டிருந்ததற்கு, வழக்கம்போல ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தார்.

அண்ணாச்சியிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். செவ்வாய் அன்று அவர் முகம் சரியில்லை. புதன்கிழமை ஆடிட்டர் வந்திருந்தார். வியாழக்கிழமை சொல்லலாம் என்று காலையில் இரண்டு தடவை ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் மூன்று தாள்கள். என் மடல்கள், அச்சடித்து, பேனாவால் கோடு போட்டு. மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எழுதுனதா?"

"ஆமா அண்ணாச்சி."

"கேக்காமத் தொட்டிருக்க. சரி. சின்னப் பிள்ள, கை வச்சிட்ட. அது போட்டும்." தாளை ஒரு விரலால் தள்ளினார். "மொகந் தெரியாத ஆளுவ அத்தன பேருகிட்டயும் உள்ளதச் சொல்லிருக்க. அன்னைக்கு நான் மூணு வாட்டி போன் அடிச்சேன்லா. பக்கத்து யார்டுக்கு ஒரு வார்த்த சொன்னா பத்து நிமிசத்துல எட போட்டுக் குடுப்பான். எங்கிட்ட நீ என்ன சொன்ன?"

"இந்தா வருதுன்னு சொன்னேன்."

"ம்." தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போ, போயி வேலயப் பாரு."

மச்சினன் சட்டென்று திரும்பினார். "அத்தான்..." என்று ஆரம்பித்தவரை அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

என் நாற்காலி என்னிடமே இருக்கிறது. கதவு, ஃபேன் எல்லாம் அப்படியேதான். லினக்ஸும் ஓடுகிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அண்ணாச்சி என்னைப் போனில் கூப்பிட்டு ஒன்றும் கேட்பதில்லை. கட் ஆஃப் நாட்களில், எந்த வெயிலிலும், எங்கே இருந்தாலும் கிளம்பி வந்துவிடுகிறார். கேபினுக்குள் நுழைந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், என் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையில் எண்ணைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார்.